சோலோ எங்கே மக்கர் செய்கிறது? ஜாஸ் பியானோ பழகுவோருக்கு அறிகுறி வாரியாக

கோலாலம்பூரில் ஜாஸ் பியானோ பழக வரும் தமிழர்கள் பெரும்பாலும் மூன்று திசையிலிருந்து வருகிறார்கள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர்கள், கல்யாண மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுக்காரர்கள், கிளாசிக்கல் பியானோத் தேர்வில் கிரேடு 8 முடித்தும் இசைக்குறிப்புப் புத்தகத்தை மூடினால் கை நின்றுவிடுகிறவர்கள். இடையிடையே பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் கர்நாடக சங்கீதம் படித்தவர்களும் வருவதுண்டு. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “மாஸ்டர், புதுசா ஒரு ஸ்கேல் சொல்லிக் கொடுங்க.” வாசிக்கச் சொல்லிக் கேட்டால், ஸ்கேல் (சுரவரிசை) போதாமல் சோலோ (அந்தக் கணமே கற்பனையில் வாசிக்கும் பகுதி) கெடுவது அபூர்வம். கோளாறு காலில் இருக்கும், ஹெட்போனில் இருக்கும், இடது கையில் இருக்கும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில் வருகிறது. ஒன்றைச் சோதித்து முடிக்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். தொடங்குமுன் எஃப் கீயில் (எஃப் சுருதியில்) ஒரு 12 பார் புளூஸ் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்), நடுத்தர வேகத்தில், இரண்டு கோரஸ் (பாட்டின் முழுச் சுற்று ஒன்று ஒரு கோரஸ்) வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசிக்கும்போது காது நமக்குச் சாதகமாகவே பேசும். பதிவில் கேட்டால்தான் உண்மை தெரியும்.

அறிகுறி: தாளத்தோடு ஒட்டவில்லை, ஸ்விங் (ஜாஸின் ஊசலாடும் நடை) வரவில்லை

முதல் சோதனை ஹெட்போன். அடுக்குமாடி வீட்டில் ராத்திரி பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து, டிஜிட்டல் பியானோவை புளூடூத் ஹெட்போனில் கேட்டு வாசிப்பவர்கள் ஏராளம். புளூடூத் சாதாரணமாக 100 முதல் 200 மில்லிசெகண்டு தாமதிக்கும். சிலவற்றில் இன்னும் அதிகம். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஓர் எட்டாம் நோட்டின் (அரை பீட்டின்) நீளமே 250 மில்லிசெகண்டுதான். விரல் பட்டதற்கும் காதில் விழுவதற்கும் நடுவில் பாதி நோட் தொலைந்துபோனால் எந்தக் கலைஞனும் தடுமாறுவான். ஒயர் ஹெட்போனைச் செருகி, அதே புளூஸை மறுபடி பதிவு செய்யுங்கள். சரியாகிவிட்டதா? அப்படியானால் இந்தப் பகுதியில் உங்களுக்கு இனி வேலை இல்லை.

சரியாகவில்லை என்றால், கீபோர்டில் ஸ்டைல் பொத்தான் எரிகிறதா பாருங்கள். தானாக டிரம்ஸும் பேஸும் வாசிக்கும் அந்த வசதியில் பழகிய கைக்குத் தாளம் இயந்திரத்தில் இருக்கும், உடம்பில் இருக்காது. அணைத்துவிட்டு மெட்ரோனோமை வையுங்கள், அதையும் பாதி வேகத்தில். 120 வேகப் பாட்டுக்கு மெட்ரோனோம் 60. அந்த ஒலியை இரண்டாவது, நான்காவது பீட்டாக எண்ணுங்கள். ஒலி கேட்கும்போது “ரெண்டு”, மௌனத்தில் “மூணு”, ஒலியில் “நாலு”, மௌனத்தில் “ஒண்ணு”. வாயால் நன்றாகச் சொல்ல வந்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். நாலைந்து பாரிலேயே அந்த ஒலி ஒன்றாவது பீட்டாக மாறிக் கேட்டால், கோளாறு இதுதான்.

தாளம் நிற்கிறது, ஆனால் ஸ்விங் இல்லை என்பது வேறு கிளை. எட்டாம் நோட்டுகளின் அளவைக் கவனியுங்கள். “தகிட” என்று சொல்லி, நடுவில் இருக்கும் ‘கி’யை விழுங்கிவிடுங்கள்; ‘த’வும் ‘ட’வும் நிற்கும் இடம்தான் நடுத்தர வேகத்தில் இரண்டு எட்டாம் நோட்டுகள் உட்காரும் இடம். இதை எல்லா வேகத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். வேகம் கூடக் கூட இரண்டும் நெருங்கி, மிக வேகமான பாட்டில் ஏறக்குறைய சமமாக “தக தக” என்றே ஓடும். வேகப் பாட்டில் குதிரை நொண்டுவதுபோல் கேட்டால், தகிடவை அங்கேயும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கிரேடு 8 வழியாக வந்தவர்களுக்கு இன்னொன்று: பீட் மேல் விழும் நோட்டில்தான் கை அழுந்துகிறது. அடுத்ததில், ‘ட’ விழும் இடத்தில், லேசாக அழுத்திப் பாருங்கள்.

ஒரு மாதம் இப்படிப் பழகியும் நகரவில்லையென்றால் ஆள் வேண்டும். இதற்குப் பியானோ ஆசிரியரைவிட ஒரு டிரம்ஸ்காரரோ பேஸ் வாசிப்பவரோ உதவுவார். கூட ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் கிடைக்காவிட்டால் பொறுமையுள்ள மிருதங்கக்காரர் போதும், இதில் சம்பிரதாயம் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: சோலோ, ஸ்கேல் ஓட்டுவதுபோல் கேட்கிறது

சாக்ஸபோன்காரருக்கு மூச்சு முட்டும், நிறுத்தியே ஆக வேண்டும். பியானோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் கை நிற்பதே இல்லை. பதிவைக் கேட்டுக்கொண்டே, மௌனம் வரும் இடத்தில் மட்டும் மூச்சு இழுங்கள். மூச்சு முட்டினால் காரணம் தெரிந்துவிட்டது. மருந்து எளிது: வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடுங்கள், மூச்சு முடியும் இடத்தில் கையும் முடியட்டும். ஜாஸ் பியானோ மேதைகள் ஆஸ்கர் பீட்டர்சன், எரால் கார்னர் பதிவுகளில் பின்னணியில் முனகல் கேட்கும். அவர்களும் பாடிக்கொண்டேதான் வாசித்தார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்பதற்கும் அந்தப் பதிவுகளே சாட்சி.

மூச்சு சரியாக இருந்தும் சலிப்புத் தட்டுகிறதா? ஒவ்வொரு வரியும் எந்த பீட்டில் தொடங்குகிறது என்று தாளில் குறியுங்கள். எல்லாம் ஒன்றாவது பீட்டில் தொடங்கினால், அடுத்த கோரஸில் ஒன்றாவது பீட்டைத் தொடவே கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கல்பனாசுவரம் பாடியவர்களுக்கு எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தள்ளி வருவது புதிதல்ல. ஏனோ பியானோ முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் காரணம் ஆழமானது: கேட்டது போதவில்லை. ஸ்கேல் புத்தகத்தில் ஸ்கேல் இருக்கும், பேச்சு இருக்காது. பியானோ கலைஞர்கள் வின்டன் கெல்லி அல்லது ரெட் கார்லண்ட் வாசித்த புளூஸ் சோலோ ஒன்றில் நான்கே பார் எடுத்து, செயலியில் வேகத்தைக் குறைத்து, முதலில் வாயால் பாடக் கற்று, அப்புறம் கட்டையில் தேடுங்கள். எழுத வேண்டாம். இணையத்தில் எழுதியே கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும், அதை வாசித்தால் நோட்டு வரும், காது வராது. இது மாதக்கணக்கில் ஆகும் வேலை. நான்கு பாருக்கு ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால், காது பழக்கும் ஆசிரியர் ஒருவரிடம் போவது பணத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: கோர்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மாறினாலும் ஒரே ராகமாகப் போகிறது

இது கர்நாடகம் படித்தவர்களின் கோளாறு, சினிமாப் பாட்டு வாசிப்பவர்களுக்கும் வரும். ஜாஸில் எங்கும் எதிர்ப்படும் இரண்டு-ஐந்து-ஒன்று வரிசையை (கீயின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களில் எழும் கோர்டுகள்) சி கீயில் எடுத்துக்கொள்ளுங்கள்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. மூன்றுக்கும் வெள்ளைக் கட்டைகளே போதும். டி-யை சட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, ஜி-யில் ஹரிகாம்போஜி, சி-யில் சங்கராபரணம். கிரகபேதம் (சட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் பெறுவது) தெரிந்தவர் இதை ஒரே நொடியில் பிடித்துவிடுவார். வினையும் அங்கேதான் தொடங்குகிறது: சுரங்கள் மாறவில்லை என்பதால் அவர் எதையுமே மாற்றுவதில்லை. கீழே கோர்டு நடந்து போய்க்கொண்டிருக்கும், மேலே ஆலாபனை நின்ற இடத்திலேயே நிற்கும்.

சோதனை: இடது கையை எடுத்துவிட்டு வலது கை சோலோவை மட்டும் பதிவு செய்யுங்கள். அதை மட்டும் கேட்டு, கோர்டு எங்கே மாறியது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?

முடியவில்லை என்றால் சோலோவை நிறுத்திவைத்து, ஒவ்வொரு கோர்டின் மூன்றாவது, ஏழாவது நோட்டை மட்டும் வாசியுங்கள். டி மைனர் 7-இல் எஃப், சி. ஜி 7 வரும்போது சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது, எஃப் அசையவில்லை. சி மேஜர் 7-இல் எஃப் இறங்கி ஈ ஆகிறது, பி அசையவில்லை. இந்த இரண்டு அரைச்சுர இறக்கம்தான் மொத்த நாடகமும். பாருக்கு ஒரு நோட்டாக நிதானமாக வாசித்து, அந்த இறக்கம் நெஞ்சில் தட்டும்வரை விடாதீர்கள். பிறகு சோலோ எடுக்கும்போது, கோர்டு மாறும் பாரின் முதல் பீட்டில் அந்த நோட்டு ஒன்று விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் எப்படிப் போனாலும் பரவாயில்லை. ஈ-யில் இறங்க வேண்டுமென்றால் எஃப், டி ஷார்ப், ஈ என்று மேலேயும் கீழேயும் தொட்டு இறங்கலாம். காது அதை மன்னிப்பது மட்டுமல்ல, ரசிக்கவும் செய்யும்.

சோதனையில் தேறிவிட்டீர்கள், ஆனால் சாதுவாக இருக்கிறது என்றால் மட்டும் இதற்கு வாருங்கள்: ஜி 7 வரும்போது ஏ ஃபிளாட்டை சட்ஜமாக வைத்து கௌரிமனோஹரி வாசித்துப் பாருங்கள். ஜி-க்கு அரைச்சுரம் மேலே. கார நெடி ஏறும். சி மேஜர் 7-க்கு அது தீர்ந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தப்பு நோட்டுதான்.

கமகம் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது என்ற புகாருக்குப் பியானோவில் முழுத் தீர்வு கிடையாது. கட்டை வளையாது. எஃப் 7 மேல் ஏ ஃபிளாட்டிலிருந்து ஏ-க்கு விரலை வழுக்கவிடுங்கள். புளூஸ் வாசித்தவர்கள் அதை வைத்தே காலம் தள்ளினார்கள்.

அறிகுறி: பாதியில் எந்த இடம் என்று தெரியாமல் போகிறது

முதலில் பியானோவை விட்டு எழுந்து, அந்தப் பாட்டின் மெட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை முணுமுணுத்துப் பாருங்கள். எங்காவது நின்றால் அந்த இடத்தில்தான் சோலோவிலும் தொலைவீர்கள். மெட்டைப் பாடமாக்குங்கள், வேறு சோதனை தேவையில்லை. பினாங்கு தந்த ஜாஸ் பியானோ கலைஞர் ஜிம்மி போயல் (1922–1971) தானே பாடல்கள் இயற்றியவர். மெட்டு கையில் இருப்பவனுக்கு வழி தவறாது.

மெட்டு தெரிந்தும் தொலைகிறது, அதுவும் 12 பார் புளூஸில் என்றால், பாட்டி விரல் கணு தொட்டு ஜபம் எண்ணுவாளே, அதைச் செய்யுங்கள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. ஒரு விரலிலேயே மேலிருந்து கீழே போகாமல் கட்டைவிரலைக் குறுக்காக நகர்த்துங்கள். மேல் வரிசை நான்கு கணு முதல் நான்கு பார், எஃப் 7. நடு வரிசை தொடங்கும் இடத்தில் பி ஃபிளாட் 7 வந்து இரண்டு பார் இருந்து, எஃப் 7-க்குத் திரும்பும். கீழ் வரிசை தொடங்கும்போது சி 7-ஐ நோக்கிப் போகும் நடை. வாசித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பிறர் சோலோவைக் கேட்கும்போது, ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள். கொஞ்ச நாளில் கை இல்லாமலே வரிசை மாறுவது தெரியும்.

32 பார் பாட்டு என்றால் தொலையும் இடம் அநேகமாக ஒன்றே. ஏ, ஏ, பி, ஏ (இவை பகுதிகளின் பெயர், சுரங்கள் அல்ல) என்று எட்டெட்டு பாராக அமைந்த பாட்டில், கடைசி ஏ முடிந்ததும் அடுத்த கோரஸின் இரண்டு ஏ வருகின்றன. ஆக ஒரே பகுதி மூன்று முறை அடுத்தடுத்து. எத்தனையாவது ஏ என்பதுதான் குழப்பம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த ‘ஸோ வாட்’ இதில் பெரிய பொறி: 16 பார் டி, 8 பார் ஈ ஃபிளாட், 8 பார் மறுபடி டி. கோரஸ் திரும்பும்போது 24 பார் ஒரே இடத்தில் நிற்கும். கோர்டு இரண்டுதானே என்று இதைத் தொடக்கப் பாடமாகக் கொடுப்பது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். மருந்து: ஒவ்வொரு எட்டு பாரின் முடிவிலும் ஒரே சிறிய அடையாளத்தை, ஒரு கோர்வையின் முடிவுபோல, இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையிலேயே தொலைந்துவிட்டால்? கையை எடுங்கள். பேஸைக் கேளுங்கள். டிரம்ஸ்காரர் எட்டு பார் முடிவில் ஏதாவது ஒரு குறிப்பு கொடுப்பார். தெரியாத இடத்தில் வாசிப்பதைவிட நான்கு பார் மௌனம் மரியாதையானது. கேட்பவர்கள் அதை நிதானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அறிகுறி: ஒரே சேறாகக் கேட்கிறது

வலது காலைப் பெடலிலிருந்து எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசியுங்கள். இந்தப் புகாரில் பாதி இத்துடன் தீரும்.

மீதிக்கு இடது கை எங்கே இருக்கிறது பாருங்கள். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டி மூன்று நான்கு நோட்டு கோர்டை நெருக்கி வைத்தால் உறுமல்தான் கேட்கும். அங்கே அடிநோட்டும் ஏழாவதும் மட்டும் போதும். பேஸ் வாசிப்பவர் கூட இருந்தால் அடிநோட்டையும் அவருக்கே விட்டுவிடுங்கள். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் பதிவுகளில் கேட்கும் வகையில், நடு சி-யை ஒட்டி டி மைனர் 7-க்கு எஃப்-ஏ-சி-ஈ, ஜி 7-க்கு எஃப்-ஏ-பி-ஈ, சி மேஜர் 7-க்கு ஈ-ஜி-பி-டி. கை அசையவே அசையாது. ஜாலான் மெசுயில் உள்ள நோ பிளாக் டை மாதிரி ஜாஸ் அரங்குக்குப் போனால் பியானோ கலைஞரின் வலது கையை வேடிக்கை பார்க்காமல், இடது கை எவ்வளவு குறைவாகச் செய்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: சி-யில் பாயும், வேறு கீயில் படுத்துவிடும்

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பொத்தான் எந்த எண்ணைக் காட்டுகிறது? பாடகருக்குத் தக்கபடி அதை அழுத்தி, எல்லாவற்றையும் சி-யிலும் ஏ மைனரிலும் வாசித்தே பல வருஷம் ஓட்டியவர்கள் நம்மிடையே நிறைய. கல்யாணத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. நிஜப் பியானோவில் அந்தப் பொத்தான் இல்லை. சாக்ஸபோன், டிரம்பெட் வாசிப்பவர்கள் கேட்பதோ எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். அவர்களது வாத்தியங்களின் அமைப்பு அப்படி.

ஒரு சின்ன வரியை எடுத்து, புதிய கீயில் முதலில் பாடுங்கள். பாட வருகிறது, வாசிக்க வரவில்லை என்றால் விரல் பழக்கம்தான் குறை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். பாடவே வரவில்லை என்றால் அந்த வரி காதில் இல்லை, விரலில் மட்டும் இருக்கிறது. சுரம் சொல்லிப் பாடுங்கள். சட்ஜத்தை எங்கு வேண்டுமானாலும் வைத்துப் பாடும் பழக்கம் நம் சங்கீதத்தில் உள்ளது, இந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னால் இருக்கிறோம். பன்னிரண்டு கீயையும் ஒரேயடியாகப் பிடிக்காதீர்கள். மேலே சொன்ன மூன்றை முடித்துவிட்டு மீதியைப் பார்க்கலாம்.

அறிகுறி: மனப்பாடம் செய்த லிக் (தயாராக வைத்திருக்கும் சிறு இசைத்துண்டு) சமயத்தில் வருவதில்லை

வரும், ஆனால் அது பழகிய பீட்டும் பழகிய கீயும் அமைந்தால்தான். லிக்கை நான்கு நோட்டுக்குக் குறையுங்கள். இரண்டாவது பீட்டில் தொடங்கிப் பாருங்கள், அரை பீட் தள்ளித் தொடங்கிப் பாருங்கள், கடைசி நோட்டை வெட்டிப் பாருங்கள். இதில் எல்லாம் உயிரோடு இருக்கும் லிக் மட்டுமே உங்களுடையது.

அறிகுறி: வீட்டில் நன்றாக வருகிறது, ஆட்கள் முன்னால் உறைந்துவிடுகிறது

பயம் என்று முடிவு கட்டுமுன் பயிற்சியின் துணையைப் பாருங்கள். ஐரியல் புரோ போன்ற செயலியின் பின்னணி ஒருநாளும் தடுமாறாது, இடம் தவறாது, உங்களுக்காகக் காத்திருக்காது. நிஜ மனிதர்கள் இதெல்லாம் செய்வார்கள். செயலியில் முதலில் பியானோவை அணையுங்கள், பிறகு டிரம்ஸை, பிறகு பேஸையும். வெறும் மெட்ரோனோமில் நான்கு கோரஸ் நிற்க முடிந்தால் கோளாறு பயிற்சியில் இல்லை.

அடுத்த சந்தேகம் வேகம். வீட்டில் 120-இல் பழகியதை மேடையில் யாரோ 180-இல் எண்ணித் தொடங்கியிருப்பார்கள். “அண்ணே, கொஞ்சம் மெதுவா எண்ணுங்க” என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. முதல் நாள் எஃப் புளூஸைச் சொல்லுங்கள், ஒரே ஒரு கோரஸ் எடுத்துவிட்டு அடுத்தவருக்குத் தலையசையுங்கள். நீளமாக வாசித்தவரைவிட நேரத்தில் முடித்தவரைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கை நடுக்கம், படபடப்பு, முந்தைய நாளே தூக்கம் கெடுவது என்று தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மேடைக்குமுன் நண்பர் தரும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்; ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆபத்தாக முடியும்.

அறிகுறி: சில கட்டைகள் மட்டும் தாமதமாக எழும்புகின்றன

நிஜப் பியானோ என்றால் நம் ஊர் ஈரம்தான் முதல் சந்தேகம். மரமும் ஃபெல்ட்டும் ஈரத்தில் ஊதும். ஜன்னலோரத்திலிருந்தும் குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்தும் நகர்த்துங்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள், அது கோளாறைப் பெருக்கும். ஒட்டும் கட்டை கூடிக்கொண்டே போனால் டியூனரைக் கூப்பிட்டு, உள்ளே சூடேற்றும் கம்பி வைக்கலாமா என்றும் கேளுங்கள். டிஜிட்டல் பியானோவில் ஒரே கட்டை ஊமையாகவோ அளவுக்கு மீறி உரக்கவோ இருந்தால் பெரும்பாலும் அடியில் உள்ள ரப்பர் தொடுபட்டையில் தூசு. உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் நீங்களே திறக்க வேண்டாம்.

அறிகுறி: மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போவது

நாற்காலி உயரத்தை முதலில் பாருங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். கீபோர்டு ஸ்டாண்டில் வைத்து வாசிப்பவர்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பல வருஷம் இப்படியே ஓட்டிவிடுகிறார்கள். அடுத்தது தோள்: கோர்டு கடினமாக வரும் பாரில் தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் அந்தப் பாரை மட்டும் பாதி வேகத்தில் வாசியுங்கள்.

உயரம் மாற்றி, சில நாள் ஓய்வு கொடுத்தும் வலி திரும்பினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். மரத்துப்போவது, ராத்திரி கை எரிச்சலில் விழிப்பது, ஒரு விரல் சொன்ன பேச்சு கேட்காமல் தானாக மடங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே பியானோவை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலியைத் தாங்கி வாசித்தால் பழகிவிடும் என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகிவிடுங்கள்.